தேர்தல் ஆவணப்படத்தில் யார் பேச வேண்டும்?

ஏற்காடு தொகுதியைப் படமெடுக்க வருபவர்களுக்கு, சேலத்தில் கேமரா பிடிக்கும் நான் முதலில் சொல்வது: ஏரிக்கரையிலேயே நின்றுவிடாதீர்கள். அங்கே சிக்குவது பாதிக்கு மேல் சுற்றுலா வந்தவர்கள். இது பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. மலையிறங்கி வாழப்பாடிப் பக்கம் வரை நீள்கிறது.

அமெரிக்க அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நியூ ஹாம்ப்ஷயரில் நடக்கும் ஆரம்பகட்ட வாக்கெடுப்பைப் படமெடுப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். அங்கே பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் வெள்ளையர்கள். எதிர்ப்படுபவரை மட்டும் எடுத்தால் நாடே அப்படித்தான் என்று தோன்றிவிடும். 2024-இல் ஜனநாயகக் கட்சி, கறுப்பின வாக்காளர்கள் அதிகமுள்ள தென் கரோலினா மாநிலத்தை அந்த வாக்கெடுப்பு வரிசையில் முன்னுக்குக் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, காபித் தோட்டத்துப் பெண்களிடம் எப்போது பேசுவது? பறித்த பழத்தை எடை போட்டு முடித்த பிறகு. மேஸ்திரி பக்கத்தில் நின்றால் வாய் திறக்க மாட்டார்கள். காலர் மைக்கை நீங்கள் குத்தாதீர்கள். கையில் கொடுங்கள், முந்தானையில் அவர்களே மாட்டிக்கொள்ளட்டும்.

அப்புறம் எடிட்டிங். யார் எத்தனை நிமிடம் பேசுகிறார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல, இந்த மலையில் வாழ்பவர்கள்) பின்னணி இசைக்கு நடந்து மட்டும் போக, கருத்தெல்லாம் சேலத்து வக்கீலே சொன்னால், மறுபடி மலையேறுங்கள். பெயர்ப்பட்டையில் ‘பழங்குடிப் பெண்’ என்று போடவே கூடாது. வக்கீலுக்குப் போடுவதைப் போல அவருக்கும் பெயர், ஊர், தொழில் மூன்றையும் போடுங்கள்.