முடக்குவாதத்தோட வேற நோயும் வந்து சேந்தா எப்டி சமாளிக்கிறது

எனக்கு முடக்குவாதம் வந்து ஒம்பது வருஷம் ஆச்சு, டாக்டருங்க ஆர்ஏனு சொல்ற அதே வாதம்தான். ஊரு செங்கோட்டை, வாதத்துக்கு பாக்குற டாக்டர் திருவனந்தபுரத்துல, காய்ச்சல் தலைவலினா பாக்குறது தென்காசில. எங்க பக்கம் நெறைய பேருக்கு இப்டித்தான், மலைக்கு அந்தப்பக்கம் ஒரு வைத்தியம் இந்தப்பக்கம் ஒரு வைத்தியம். அதனாலயே சொல்ல வேண்டியது நெறைய இருக்கு.

முதல்ல ஒண்ணு. புதுசா எது வந்தாலும் "அது வாதம்தான்"னு நீங்களே முடிவு கட்டாதீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சாரல் சமயத்துல எனக்கு உடம்பெல்லாம் வலி, கெண்டைக்கால அமுக்குனா உயிரு போச்சு, காய்ச்சலும் இருந்துச்சு, நான் என்ன பண்ணேன்னா வாதம் ஏறிருச்சுனு நெனச்சு வீட்ல கெடந்த வலி மாத்திரைய ரெண்டு நாள் சேத்து முழுங்கிட்டேன். கண்ணு செவந்த பிறகு மதினிதான் புடிச்சு இழுத்துட்டு போனா. பாத்தா எலிக்காய்ச்சல், கிட்னி எப்டி இருக்குனு காட்டுற கிரியாட்டினின் ஏறி கிடந்துச்சு. வாதத்துக்கு குடுக்குற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை கிட்னி வழியாத்தான் வெளிய போகும், கிட்னி சோந்துட்டா மருந்து உடம்புலயே தங்கி வாயெல்லாம் புண்ணாகி ரத்த அணுவும் கொறஞ்சிரும். அந்த வலி மாத்திரையும் கிட்னிக்குத்தான் பாரம். டெங்கு மாதிரி இருந்தாலும் டைக்ளோபினாக், புரூபென் மாதிரி வலி மாத்திரையெல்லாம் தொடவே கூடாது, ரத்தக்கசிவு வந்துரும், டாக்டர பாக்குற வரைக்கும் அளவா பாராசிட்டமால் போதும்.

வாதம் ஏறுனா எனக்கு எப்டி இருக்கும்னு எனக்கு தெரியும், ரெண்டு கை வெரலும் சேந்து வீங்கும், காலைல ஒரு மணி நேரத்துக்கு மேல மடக்க முடியாது. உங்களுக்கு எப்டி வரும்னு நீங்க எழுதி வச்சுக்கோங்க. அந்த மாதிரி இல்லாம ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீர்னு செவந்து சுடுதா, குளிர் காய்ச்சல் வருதா, வறட்டு இருமலோட மூச்சு வாங்குதா, கண்ணு மஞ்சளா இருக்கா, நெஞ்சு வலிக்குதா, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போயிருங்க, காலைல பாப்போம்னு படுக்காதீங்க. வாதத்துக்கு ஸ்டீராய்டு சாப்டுறவங்களுக்கு காய்ச்சல் பெருசா காட்டாது, உள்ள கிருமி இருந்தாலும் உடம்பு சுடாது, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

சுகர் விஷயத்துல நான் ஏமாந்தத சொல்றேன். பிரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரைய காலைல போடுவோம்ல, அதனால ஏறுற சுகர் மதியத்துக்கு மேலதான் ஏறும். நான் மாசா மாசம் வெறும் வயித்துல பாத்து நார்மல்னு சந்தோஷமா இருந்தேன், ஒரு நாள் மதியம் சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்தா 260. சாப்ட்ட பிறகு பாக்குறதையும் மூணு மாச சராசரி சுகர காட்டுற ஹெச்பிஏ1சியையும் கேட்டு எடுங்க. அதுக்காக பயந்து ஸ்டீராய்ட நீங்களா பட்டுனு நிறுத்திறாதீங்க, பல நாள் சாப்ட்டவங்க திடீர்னு விட்டா மயக்கம் போட்டு விழுற அளவுக்கு ஆகும், டாக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும்.

அடுத்து பர்ஸுல ஒரு சீட்டு. என்னென்ன மாத்திரை, எத்தன மில்லிகிராம், என்ன கெழம, எது ஒத்துக்காது, வாத டாக்டர் போன் நம்பர். கம்பெனி பேர மட்டும் எழுதாதீங்க, மலைக்கு அந்தப்பக்கம் புனலூர் மருந்துக்கடைல ஒரு கம்பெனி இருக்கும் தென்காசில வேற கம்பெனி இருக்கும், மருந்து பேருதான் மாறாது. மெத்தோட்ரெக்ஸேட் 2.5ம் இருக்கு 10ம் இருக்கு, கடைல மாத்தி குடுத்தாலும் நாமதான் பாத்து வாங்கணும். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும், தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து, வீட்ல மாத்திரை எடுத்து குடுக்குற புள்ளைங்ககிட்டயும் சொல்லி வைங்க. நீர்க்கடுப்புனு வேற டாக்டர்கிட்ட போனா இந்த சீட்ட காட்டாம வராதீங்க, செப்ட்ரான்ங்கிற கிருமி மாத்திரை மெத்தோட்ரெக்ஸேட்டோட சேரவே கூடாது. பல்லு புடுங்க போனாலும், கஷாயம் குடிக்க வைத்தியசாலைக்கு போனாலும் அதே சீட்டுதான். கிருமி காய்ச்சல்னா மெத்தோட்ரெக்ஸேட்ட அந்த வாரம் நிறுத்தணுமானு வாத டாக்டருக்கு ஒரு போன் போட்டு கேட்டுக்கோங்க.

மலையாளம் தெரியாம போறவங்களுக்கு இன்னொண்ணு. அங்க "பனி உண்டோ"னு கேட்டா காய்ச்சல் இருக்கானு அர்த்தம். எங்க அம்மா, ஊர்ல பனியெல்லாம் இல்ல சாரல்தான்னு சொல்லி, அவங்களும் காய்ச்சல் இல்லனு எழுதிட்டாங்க, அம்மாக்கு அப்ப 101. நீருனா வீக்கம், வேதனைனா வலி, சர்த்தினா வாந்தி, குளிகனா மாத்திரை. இத்தன தெரிஞ்சாலே போதும்.

ரத்த டெஸ்ட் டாக்டர் சொன்ன கணக்குல விடாம எடுங்க. வாதத்துக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சாப்டுறவங்க கண் டாக்டர்கிட்ட கண்ண காட்டணும். வாதத்துக்கு போடுற பயாலஜிக் ஊசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிபி டெஸ்ட்டும் ஹெபடைடிஸ் பி டெஸ்ட்டும் எடுத்தாங்களானு கேளுங்க. தடுப்பூசி எதுனாலும் வாத டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடுங்க.

ஜூன் பொறந்துட்டா கையில ரெண்டு வார மாத்திரை கூடுதலா இருக்கட்டும். மலைப்பாதைல ஆரியங்காவு பக்கம் மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிட்டா அந்த வாரம் யாரும் அந்தப்பக்கம் போக முடியாது.