ஐப்பசி மழைக்கு முன் நல்ல தண்ணீரைச் சேர்த்து வைப்பது எப்படி?

எங்கள் பக்கம் தண்ணீரில் இரண்டே வகை: உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. தேவிபட்டினத்திலிருந்து மண்டபம் வரை எந்தக் கடற்கரை ஊரிலும் சின்னப் பிள்ளைகூட இதைச் சொல்லும். குளிக்க, துவைக்க முன்னது. குடிக்க, உலை வைக்கப் பின்னது. காவிரித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கிய பிறகும், தள்ளுவண்டியில் குடம் அடுக்கிப் போவது நிற்கவில்லை. புயல் வந்தால் கரண்ட் போகும், மோட்டார் ஓடாது, குழாய் வறண்டுவிடும். அதனால் புரட்டாசி முடிவதற்குள் இரண்டு வாரத் தண்ணீரைச் சேர்த்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

1. கணக்கு

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர். ஐந்து பேருக்கு 14 நாளைக்கு 280 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 14. மலைக்க வேண்டாம். வாரம் இரண்டு கேன் என்று ஆடியிலேயே தொடங்கினால் ஏழு வாரத்தில் முடிந்துவிடும்.

2. கேன்

இதில்தான் நான் ஏமாந்தேன். வள்ளத்துக்கு டீசல் வாங்கிய வெள்ளைக் கேன் ஒன்று சும்மா கிடந்தது. சோப்பு, புளி, சாம்பல் எல்லாம் போட்டு ஏழு தடவை கழுவினேன். முகர்ந்து பார்த்தால் வாடையே இல்லை. தண்ணீர் ஊற்றி வைத்து மூன்றாம் நாள் திறந்தால் குப்பென்று டீசல். பிளாஸ்டிக் எண்ணெயை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடும். டீசல், பெயிண்ட், பூச்சிமருந்து இருந்த கேன் எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

குடிதண்ணீருக்கென்றே விற்கும் கேனை வாங்குங்கள். வாய் குறுகலாக, மூடி இறுக்கமாக, அடியில் டேப் இருந்தால் நல்லது. வாய் அகலமானால் யாராவது செம்பை விட்டு மோந்துவிடுவார்கள். பிடிக்கும்போது சுத்தமாக இருந்த தண்ணீரும் பெரும்பாலும் அந்தக் கையால்தான் கெடுகிறது.

3. கழுவுதல்

சோப்புத் தண்ணீரில் கழுவி அலசுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஹைப்போ கலந்து கேனுக்குள் ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி அரை நிமிடம் குலுக்கிக் கொட்டுங்கள். நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசினால் போதும். ஹைப்போ என்பது கிருமி கொல்லும் ப்ளீச் திரவம், அதாவது 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட். வாசனையோ சோப்போ சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். பழைய பாட்டிலில் வீரியம் இறங்கியிருக்கும்.

4. நிரப்புதல்

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் லேசாக வந்தால் எதுவும் சேர்க்க வேண்டாம். அப்படியே பிடித்து மூடுங்கள். லாரித் தண்ணீர், மழைத் தண்ணீர், ஊற்றுத் தண்ணீர் என்றால் பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்து வடிகட்டுங்கள். (மழைத் தண்ணீர் பிடிப்பவர்கள் முதல் மழையை விட்டுவிடுங்கள். மொட்டை மாடியில் காகம் போட்டது, கருவாடு காயவைத்தது எல்லாம் அதில்தான் வரும்.) பிறகு லிட்டருக்கு இரண்டு சொட்டு, 20 லிட்டர் கேனுக்கு 2 மில்லி ஹைப்போ. ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்தால் கை தவறாது. அரை மணி நேரம் கழித்து முகர்ந்தால் லேசான வாசம் வர வேண்டும். வராவிட்டால் அதே அளவு இன்னொரு தடவை போட்டு 15 நிமிடம் பாருங்கள். அப்பவும் வரவில்லையா, அந்தத் தண்ணீரைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் கிருமிக்குத்தான்; உப்பு போகாது. கொதிக்கவைத்தாலும் போகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு பாத்திரத்திலேயே நிற்கும்.

5. வைக்கும் இடம்

வெயில் படாத உள்ளறை. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். மண்ணெண்ணெய், உரம், வலைக்குப் பூசும் சாயம் பக்கத்தில் இருக்கக் கூடாது.

குடத்திலும் டிரம்மிலும் வைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நம் நல்ல தண்ணிதான் பிடிக்கும். முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

நாமே நிரப்பிய கேனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தேதியைச் சாக்பீஸில் எழுதாதீர்கள், உப்புக் காற்றின் ஈரத்தில் பத்து நாளில் அழிந்துவிடும். என் மனைவி மூடியிலேயே நெயில் பாலிஷால் எழுதிவிடுகிறாள். போன வருடத் தேதி இன்னும் போகவில்லை, அதைச் சுரண்டத்தான் இப்போது பிளேடு தேடிக்கொண்டிருக்கிறேன்.