மாலத்தீவுக்கு வாத்தியார் வேலைக்குப் போகிறவர்கள் செய்யக்கூடாதவை

சென்னையில் தனியார் பள்ளிகளில் வருஷக்கணக்கில் குப்பை கொட்டிவிட்டு, இந்தச் சம்பளத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது என்று மாலத்தீவுக்குக் கிளம்புகிற பி.எட். ஆசிரியர்கள் நிறைய பேர். கிளம்பும் முன் அவர்கள் விசாரிப்பது எல்லாம் அட்டெஸ்டேஷன், விசா, சம்பளம். கேட்க வேண்டியதுதான். ஆனால் பாதியில் திரும்பி வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள், பேப்பர் சரியில்லாமல் வந்தவர்களைவிட, அங்கே வாய்விட்டுப் பேச ஒரு ஆள் இல்லாமல் நொந்துபோய் வந்தவர்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

முதல் தப்பு, எந்தத் தீவு என்று கேட்காமலேயே கையெழுத்துப் போடுவது. மாலத்தீவு என்றால் எல்லாருக்கும் மாலே நகரமும் ரிசார்ட் போட்டோவும்தான் கண்ணில் நிற்கின்றன. மக்கள் வாழும் தீவுகள் மட்டும் 180-க்கு மேல், அவற்றில் சிலதில் சில நூறு பேர்தான். ஒரு பள்ளிக்கூடம், ஒரு பள்ளிவாசல், சில கடைகள், அவ்வளவுதான் ஊர். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் படகு நிற்கும், கடையில் தக்காளியும் தீர்ந்துபோகும். அதனால் தீவின் பெயரைக் கேளுங்கள், மாலேயிலிருந்து எப்படிப் போவது என்று கேளுங்கள், அந்தப் பள்ளியிலேயே வேலை பார்க்கும் ஒரு இந்திய ஆசிரியரின் நம்பரைக் கேட்டு வாங்கி, கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். ஏஜென்ட் நம்பர் தரத் தயங்கினால் கொஞ்சம் உஷாராகிக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டும்போது அம்மா துணிக்கு நடுவில் ஒரு சின்னப் பிள்ளையாரைச் செருகிவிடுவார். அதை வெளியே எடுத்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள், வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது.

அடுத்தது போன். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அங்கே விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. சென்னையில் ஞாயிறு மதியம் குடும்பமே பிரியாணியோடு உட்கார்ந்து வீடியோ கால் போடும் நேரத்தில் நீங்கள் வகுப்பிலோ, நோட்டுத் திருத்திக்கொண்டோ இருப்பீர்கள். உங்கள் வெள்ளிக்கிழமையில் அவர்களெல்லாம் ஆபீஸில். இதை முன்கூட்டியே பேசி ஒரு நேரம் வைத்துக்கொள்ளாவிட்டால், ‘போனே பண்றதில்ல’ என்று வீட்டில் ஒரு வருத்தம், ‘யாருக்கும் நம்ம ஞாபகமே இல்ல’ என்று உங்களுக்கு ஒரு வருத்தம். இதற்கு நேர்மாறாக, பள்ளி விட்டதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி வரை வடபழனி வீட்டோடு லைனிலேயே இருப்பவர்களும் உண்டு. ஆள் தீவில், மனசு சென்னையில் என்று ஆகிவிடும், பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது.

தமிழ், மலையாள ஆசிரியர்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது நல்லதுதான், காய்ச்சல் வந்தால் முதலில் கஞ்சி வைத்துத் தருவது அவர்கள்தான். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். பாடமொழி ஆங்கிலம் என்றாலும் ஸ்டாஃப் ரூம் அரட்டை அந்த ஊர் மொழியான திவேஹியில்தான் ஓடும், நாலு வார்த்தை கற்றுக்கொண்டு தப்பும் தவறுமாகப் பேசினால் அவர்களே சிரித்துக்கொண்டு திருத்துவார்கள், அதிலேயே பாதிப் பழக்கம் வந்துவிடும். சாயங்காலம் கடலோரத்தில் ஜோலி என்று கயிற்று வலை பின்னிய இருக்கைகளைப் பார்ப்பீர்கள், ஊர்க்கதை முழுக்க அங்கேதான் பேசப்படும். தள்ளி நின்று வேடிக்கை பார்க்காமல் போய் உட்காருங்கள். மாணவர் வீட்டிலிருந்து தேங்காய்த் துருவலும் மீனும் பிசைந்த மாஸ் ஹுனியும் ரொட்டியும் வந்தால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள், சைவம் என்றால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ரமலானில் நோன்பு திறக்கக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். அந்த மாதம் பகலில் பொது இடத்தில் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம்.

பணத்தைப் பற்றி ஒன்று. ஊருக்கு டாலர் அனுப்ப வங்கியில் வரம்பு இருக்கிறது, அது அவ்வப்போது மாறும். இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளாமல், முதல் மாதத்திலிருந்தே முழுச் சம்பளத்தையும் நம்பி இங்கே இஎம்ஐ ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

கடைசியாக, எல்லாரிடமும் ‘நல்லா இருக்கேன்’ என்றே சொல்லிக்கொண்டிருப்பது. அம்மாவிடம் சொல்லுங்கள், சரி. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல ஒருவர் வேண்டும், அண்ணனோ காலேஜ் சிநேகிதியோ யாராவது. ஒப்பந்தத்தின் நகல் அவரிடமும் இருக்கட்டும், நோட்டீஸ் எத்தனை மாதம் என்பதையும் அவருக்குச் சொல்லி வையுங்கள். சம்பளம் நின்றாலோ பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டாலோ மாலேயில் இந்தியத் தூதரகம் இருக்கிறது, இந்திய வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) என்ற இணையதளத்திலும் புகார் பதியலாம், அதை இங்கிருந்து உங்களுக்காக அவரே செய்ய முடியும்.