நடைபாதைக் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை வால்டாக்ஸ் சாலையிலும் பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் தலைமுறைகளாக நடைபாதையிலேயே வாழ்ந்துவரும் குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு தாய், ஒன்பது வயது மகளைக் கையில் பிடித்தபடி ஒரு பள்ளி அலுவலக வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். "ஆதாரும் பிறப்புச் சான்றிதழும் எடுத்துட்டு வாம்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். "எந்த அட்ரஸைப் போட்டு எடுக்கறது சார்?" என்று அவர் கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

காகிதம் வந்த பிறகுதான் குழந்தை என்னும் இந்த வரிசையே முதல் தவறு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 5ஆம் பிரிவும், கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 15ஆம் பிரிவும் சொல்கின்றன. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே துணைக்குச் செல்லும் தன்னார்வலர்கள், தாயைச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய விடாமல், முதலில் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும்படி கேட்க வேண்டும். சான்றுகளைப் பிறகு பெற்றுக்கொள்ளலாம்.

எழுதப் படிக்கத் தெரியவில்லை என்று ஒன்பது வயதுக் குழந்தையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பது அடுத்த தவறு. தன்னைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு நடுவே முட்டி இடிக்க அமர்ந்திருக்கும் பிள்ளை, வெட்கத்தாலேயே சில வாரங்களில் நின்றுவிடும். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதே சட்டத்தின் 4ஆம் பிரிவு. அது சலுகையன்று, குழந்தையின் உரிமை.

சேர்த்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். ஒரு மழை இரவில் தார்ப்பாய் ஒழுகினால் சீருடை, புத்தகம், வீட்டுப்பாட நோட்டு எல்லாம் ஒன்றாக நனையும். நடைபாதையை ஒழுங்குபடுத்த வரும் வண்டியில் பையே போய்விடுவதும் உண்டு. மறுநாள் "நோட்டு எங்கே?" என்று வகுப்பில் எழுப்பி நிற்க வைத்தால், அதற்கடுத்த நாள் அந்தப் பிள்ளை வராது. வகுப்பறை அலமாரியில் பையை வைத்துச் செல்ல ஓர் இடமும், மாற்றுச் சீருடை ஒன்றும், பள்ளி நேரத்துக்குப் பின் அங்கேயே வீட்டுப்பாடம் செய்ய அரை மணி நேரமும் கொடுத்தால் போதும், வருகைப்பதிவு மாறுவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். காலை உணவுத் திட்டம் இந்தப் பிள்ளைகளுக்குப் பேருதவி என்பதால், தாமதமாக வந்தார்கள் என்று அந்த உணவை மறுத்துவிடக் கூடாது.

குடும்பம் பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு மாற்றப்படும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. பழைய பள்ளி, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில், பள்ளி மாறும் மாணவர்களுக்கான பொதுப் பட்டியலான 'காமன் பூலு'க்கு மாணவரை விடுவிக்காவிட்டால், புதிய பள்ளியால் அதே எமிஸ் எண்ணில் சேர்த்துக்கொள்ள முடியாது; பிள்ளை இரண்டு பள்ளிகளுக்கும் நடுவில் தொங்கும். இடம்பெயர்வது தெரிந்த அன்றே தலைமையாசிரியரிடம் அதைச் செய்யச் சொல்லிக் கேட்பது நல்லது.

தெருவில் இருக்கும் குழந்தையைக் கண்டதும் விடுதியில் சேர்த்துவிடத் துடிப்பவர்களும் உண்டு. ஆதரவற்று, ஆபத்தில் இருக்கும் குழந்தைக்காக 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை உடனே அழைக்கத்தான் வேண்டும். ஆனால் தாய் தந்தையின் அன்பில் வளரும் குழந்தையை, வீடில்லை என்னும் ஒரே காரணத்துக்காக அவர்களிடமிருந்து பிரிப்பது பெரும் அநீதி. விடுதி, இல்லம் போன்ற நிறுவனப் பராமரிப்பு கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே கூறுகிறது.

பதினான்கு வயதைக் கடந்தவர்களை 'இனி வேலைக்குத்தான்' என்று கைவிடுவதும் தவறுதான். சிறப்புப் பயிற்சியோடு சேர்ந்த பிள்ளைக்கு, பதினான்கு வயதுக்குப் பிறகும் எட்டாம் வகுப்பு முடியும்வரை இலவசக் கல்வி உண்டு. அதற்கு மேல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். பெண் பிள்ளை ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், உயர்கல்வியின்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதை, ஆறாம் வகுப்பில் சேர்க்கும் அன்றே தாயிடம் சொல்லிவிட வேண்டும்.