பக்கத்து மனையில் ஃபிளாட் வருகிறதா? ஆட்சேபணைக் கடிதத்தில் நாம் செய்யும் தவறுகள்

டர்பன் ரிசர்வார் ஹில்ஸில் எங்கள் தெருவின் மேட்டில் மாமரம் வைத்த ஒரு பழைய வீடு இருந்தது. வீட்டுக்காரர் காலமானதும் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து கேட்டில் ஒரு போர்டு தொங்கியது: நான்கு மாடி, இருபத்து நான்கு ஃபிளாட். அன்று இரவுக்குள் தெரு வாட்ஸ்அப் குழுவில் நூறு செய்திக்கு மேல் வந்து விழுந்தது. நானும் சும்மா இருக்கவில்லை, மூன்று பக்கத்துக்கு ஆட்சேபணை எழுதினேன். டவுன் பிளானிங் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சொந்தக்கார அக்கா ஒருவரிடம் அதைக் காட்டியதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம். அவர் பென்சிலை எடுத்து வரி வரியாக அடித்துக்கொண்டே போனார். கடைசியில் மிஞ்சியது நாலே வரி. தெருவின் கீழ்முனையில் இருக்கும் மழைநீர்க் குழாயைப் பற்றியது. "இதுதான் தம்பி ஆட்சேபணை. மத்ததெல்லாம் புலம்பல்" என்றார்.

அந்தப் பென்சில் அடித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊரை வைத்துச் சொன்னாலும், பெரும்பாலானவை தென்னாப்பிரிக்கா முழுதுக்கும் பொருந்தும்.

"எங்கள் வீட்டு விலை இறங்கிவிடும்"

என் மூன்று பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் இதுவே. முதலில் அடிபட்டதும் இதுவே.

நிலப் பயன்பாட்டு விண்ணப்பங்களை இன்று ஆள்வது 2013ஆம் ஆண்டின் 16ஆம் எண் சட்டம். ஸ்ப்ளுமா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7ஆம் பிரிவு ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறது: சொத்தின் மதிப்பு பாதிக்கப்படும் என்ற ஒரே காரணம், விண்ணப்பத்தை முடிவு செய்யும் திட்டமிடல் தீர்ப்பாயத்தின் கையைக் கட்டிப்போட முடியாது. விலையைப் பற்றி எத்தனை பேர் எழுதினாலும், கூடவே வேறு காரணம் இல்லையென்றால் அது நிற்காது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 1977ஆம் ஆண்டின் கட்டட விதிகள் சட்டத்திலும் ஒரு 7ஆம் பிரிவு இருக்கிறது. அடுத்தடுத்த சொத்துகளின் மதிப்பைக் குறைக்கும் என்றால் கட்டட வரைபடத்துக்கு அனுமதி மறுக்க அது இடம் கொடுக்கிறது. அப்படியானால் விலை கணக்கில் வருமா, வராதா? எந்தக் கட்டத்தில் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. நிலத்தின் வகைப்பாட்டை, அதாவது அதில் எதைக் கட்டலாம் என்பதை, மாற்றுவது ஒரு கட்டம், வரைபடத்துக்கு அனுமதி வாங்குவது இன்னொன்று. முன்னதில் போய் பின்னதற்கான வாதத்தை வைத்துவிட்டு, யாரும் கேட்கவில்லையே என்று குறைப்படுகிறோம்.

"அந்த மாதிரி ஆட்கள் வந்துவிடுவார்கள்"

இதை யாரும் கடிதத்தில் நேராக எழுதமாட்டார்கள். "பகுதியின் தன்மை மாறிவிடும்", "பாதுகாப்புக்குக் கேடு", "வாடகைக்காரர்களுக்கு ஊர்ப்பற்று இருக்காது" என்று சுற்றி வளைப்பார்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் பச்சையாக வரும்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். டர்பன் மாநகராட்சியில் குப்பை அள்ளிய, தெரு கூட்டிய நம் ஆட்கள் மேகசின் பாரக்ஸ் என்ற குடியிருப்பில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்தான் அங்கே அதிகம். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. 1960களில் அவர்களையும், கேட்டோ மேனரில் தோட்டம் போட்டுக் கோயில் கட்டியிருந்தவர்களையும் பெயர்த்துக்கொண்டுபோய்ச் சாட்ஸ்வொர்த்தில் வைத்தார்கள். எழுபதுகளில் அதேபோல் ஃபீனிக்ஸ் என்ற குடியிருப்பு வந்தது. எங்கள் ஆயா கேட்டோ மேனர் வீட்டைப் பற்றிப் பேசும்போது சுவர், கூரை எதையும் சொல்லமாட்டார், வாசலில் நின்ற முருங்கை மரத்தை மட்டும் சொல்வார். அந்தச் சட்டம் 1991ல்தான் ஒழிந்தது. யார் எங்கே குடியிருக்கலாம் என்று அடுத்தவன் முடிவு செய்வதன் கசப்பை ருசித்த வீடுகளிலிருந்தே இன்று இப்படிப்பட்ட கடிதங்கள் போகின்றன. எனக்கு இது வெட்கமாக இருக்கிறது. என் முதல் கடிதத்திலும் இந்த வாடை கொஞ்சம் இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வெட்கத்தை விடுங்கள், காரியத்துக்கும் இது உதவாது. ஸ்ப்ளுமா வரிசைப்படுத்தும் கொள்கைகளில் முதலாவதே இட நீதி: நிலத்தில் முன்பு செய்த அநியாயத்தை நிலத்தை வைத்தே சரிசெய்ய வேண்டும் என்பது. அதை மனதில் வைத்து உட்கார்ந்திருக்கும் தீர்ப்பாயத்தின் முன்னால் "வெளியாட்கள்" என்று எழுதினால், கூட இருக்கும் நல்ல காரணங்களும் அழுக்காகிவிடும். வாட்ஸ்அப் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் கீழ் சமத்துவ நீதிமன்றம் வரைக்கும் போகலாம். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நம் ஊர்களில் இந்தப் பேச்சின் எடை வேறு.

வருவது யார் என்றும் விசாரிப்பதில்லை. "சோஷியல் ஹவுசிங்" என்ற சொல்லைக் கேட்டதும் இலவச வீடு என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது வாடகை வீடு. குடும்ப வருமானம் மாதம் 1,850 முதல் 22,000 ரேண்ட் வரை உள்ளவர்களுக்கானது. கடை கேஷியர், செக்யூரிட்டி, மருத்துவமனை உதவியாளர் எல்லாம் இந்தக் கணக்கில் வருவார்கள். புதிதாகக் கல்யாணமாகி அம்மா வீட்டு அவுட்பில்டிங்கில் குடியிருக்கும் நம் பிள்ளைகளில் பலரும் இதற்குள்தான் வருவார்கள்.

எங்கள் பக்கம் வேறொரு தொல்லை உண்டு, அது நிஜம். வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகம் அருகில் இருப்பதால் ஒரு வீட்டை வாங்கி, அறை அறையாகத் தடுத்து, மாணவர்களை அடைத்துவிடுவார்கள். இதைச் சொல்ல வேண்டிய விதம் வேறு. ஒரு யூனிட்டில் எத்தனை பேர், இரவில் பொறுப்பாளர் தங்குவாரா, குப்பை எங்கே வைப்பார்கள், கார் எங்கே நிற்கும்? இவற்றை நிபந்தனையாகக் கேட்கலாம். ஆட்களைப் பற்றிப் பேசாமல் ஏற்பாட்டைப் பற்றிப் பேசினால் காது கொடுப்பார்கள்.

தண்ணீரைப் பற்றி எழுத மறப்பது

விலையிலும் ஆட்களிலும் மூச்சு முட்டி எழுதிவிட்டு, உண்மையில் நம்மை மூழ்கடிக்கப்போவதை ஒரு வரியில் விட்டுவிடுகிறோம்.

டர்பன் மேடும் பள்ளமுமான ஊர். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில் குவாஸூலு நட்டாலில் நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். டொங்காட்டில் தண்ணீர் நிலையமே சேதமாகி மாதக்கணக்கில் குழாய் வறண்டது. இது புதுக் கதையும் இல்லை. உம்பிலோ ஆற்றங்கரையில் நம் முன்னோர் கட்டிய அம்பலவாணர் ஆலயத்தை 1905 வெள்ளம் கொண்டுபோனது. பெரிய வெள்ளியன்று நாம் தீமிதிக்கப் போகும் கோயில் பெல்லேர் ரோட்டில் இருப்பது அதனால்தான்.

ஒரு வீடும் புல்தரையும் இருந்த மனையில் நான்கு மாடியும் தார் போட்ட கார் நிறுத்தமும் வந்தால், முன்பு மண் குடித்த தண்ணீர் இனி ஓடும். மேட்டில் கட்டினால் பள்ளத்து வீட்டுக்குள் வரும். ஆகவே கேட்க வேண்டியவை: மழைநீரைத் தேக்கி மெல்ல விடும் தொட்டி உண்டா, அதன் கொள்ளளவு எவ்வளவு, எந்தக் குழாயில் போய்ச் சேருகிறது, அந்தக் குழாயின் விட்டம் என்ன? சரிவான மனையானால் மண் ஆய்வு அறிக்கை எங்கே? கழிவுநீருக்கு இருக்கும் குழாய் இருபத்து நான்கு குடும்பத்தைத் தாங்குமா, தாங்கும் என்று எழுத்தில் சொன்னது யார்?

பொறியியல் வசதிகள், சமூக வசதிகள், திறந்தவெளி ஆகியவற்றின் நிலையைக் கருதியே தீர்ப்பாயம் முடிவெடுக்க வேண்டும் என்று ஸ்ப்ளுமாவின் 42ஆம் பிரிவு சொல்கிறது. மனைக்குள் வரும் குழாய்கள் கட்டுபவரின் பொறுப்பு, வெளியே இருப்பவை மாநகராட்சியின் பொறுப்பு என்று 49ஆம் பிரிவு பிரிக்கிறது. "வெளிக்குழாயை எப்போது, யார் பணத்தில் பெரிதாக்குவார்கள்?" என்ற ஒற்றைக் கேள்விக்கு மூன்று பக்கப் புலம்பலைவிட பலம் அதிகம்.

அதற்கு ஆதாரம் வேண்டும். மேன்ஹோல் பொங்கியபோதெல்லாம் புகார் செய்திருப்பீர்கள், ரெஃபரன்ஸ் எண் குறுஞ்செய்தியில் வந்திருக்கும். அதை அழிக்காதீர்கள். எங்கள் தெருவில் ஏழு வீட்டுக்காரர்களின் போனைத் துழாவி, இரண்டு வருடத்து எண்களைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதினோம். மழையில் தெருமுனை குளமாக நின்ற வீடியோவும் கிடைத்தது, பக்கத்து வீட்டுப் பையன் தன் பக்கி வண்டி மிதக்கிறதென்று சிரிப்புக்கு எடுத்தது. அக்கா அந்த ஒரு தாளைத்தான் மெச்சினார்.

போக்குவரத்துக்கும் இதே கதைதான். "டிராஃபிக் தாங்காது" என்று எழுதுவதில் பயனில்லை. காலை ஆறரை முதல் ஏழரை வரை ரோபோ (டிராஃபிக் சிக்னல்) அருகே ஒரு நாற்காலி போட்டு எண்ணுங்கள். கட்டுபவர் கொடுத்த போக்குவரத்து ஆய்வின் தேதியையும் பாருங்கள். பள்ளி விடுமுறையில் எண்ணியிருந்தால் அதைச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை.

கோப்பைப் பார்க்காமலே எழுதுவது

போர்டைப் பார்த்தவர் நூறு பேர், கோப்பைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. எங்கள் தெருவிலும் அப்படித்தான். என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதே தெரியாமல் எதை மறுப்பது? வகைப்பாட்டையே மாற்றக் கேட்கிறார்களா, விசேஷ ஒப்புதலா, எல்லைக் கோட்டைத் தளர்த்தினால் போதும் என்கிறார்களா? டைட்டில் டீடில் "ஒரு குடியிருப்பு மட்டும்" என்பது போன்ற பழைய நிபந்தனை இருந்தால் அதை நீக்கத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் டீடையும் எடுத்துப் பாருங்கள், அதே நிபந்தனை உங்களுக்குச் சாதகமாகவும் எழுதப்பட்டிருக்கலாம். மனை டி-மாஸ் எனப்படும் டர்பன் திறந்தவெளி வலையத்துக்குள் வருகிறதா, ஓடைக்கு 32 மீட்டருக்குள் வருகிறதா, இடிக்கப்போகும் வீடு 60 வருடத்துக்கு மேற்பட்டதா? ஒவ்வொன்றுக்கும் வேறு அனுமதிகள் தேவைப்படலாம். கோப்பைத் தரத் தயங்கினால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆட்சேபணைக்கான கடைசி நாள் அதற்காகக் காத்திருக்காது.

ஏற்கெனவே உள்ள வகைப்பாடே ஃபிளாட்டை அனுமதித்தால்? அப்போது போர்டே வராமல் போகலாம், வரைபடம் நேராக அனுமதிக்குப் போகும். கேப் டவுன் வால்மர் எஸ்டேட்டில் நான்கு மாடி ஃபிளாட்டை எதிர்த்து ஒருவர் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். அத்தகைய வரைபடத்தை அனுமதிக்குமுன் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியதில்லை என்றது 2008 தீர்ப்பு. ஆனாலும், போதிய தகவல் இல்லாமல் அனுமதி கொடுக்கப்பட்டது என்று அதை ரத்தும் செய்தது. நம் பேட்டையின் வகைப்பாடு என்ன என்று போர்டு வருவதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கவுன்சிலர் பார்த்துக்கொள்வார் என்பது

அவர் வந்தார், டீ குடித்தார், "விடமாட்டேன்" என்றார். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். கவுன்சிலர்கள் திட்டமிடல் தீர்ப்பாயத்தில் உறுப்பினராக முடியாது என்று சட்டமே சொல்கிறது. அவர் உதவலாம், கூட்டம் போடலாம், ஆனால் அவர் வாக்குறுதி கோப்பில் ஏறாது. கோயில் வாசலில் வாங்கிய கையெழுத்துகளும் அப்படித்தான். இருநூறு பேர் ஒரே வாக்கியத்தின் கீழ் போட்டாலும் அது ஒரு காரணம்தான். பத்துப் பேர் தங்கள் தங்கள் வாசலில் நடப்பதைத் தனித்தனியாக எழுதுங்கள்.

தேதிகள்

போர்டில் போட்டிருக்கும் கடைசி நாளைப் போட்டோ எடுங்கள், காற்றில் போர்டு விழும். கடிதம் சேர்ந்ததற்குச் சான்று வாங்குங்கள். தீர்ப்பாயத்தின் முடிவு பிடிக்கவில்லையென்றால், அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் மாநகராட்சி மேலாளரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதைத் தாண்டி நேராக நீதிமன்றம் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், உள்ளே இருக்கும் வழியை முதலில் பயன்படுத்து என்று. முதலில் வாய் திறக்காதவர் மேல்முறையீட்டில் தானும் பாதிக்கப்பட்டவர் என்று நிறுவுவதும் பெரும்பாடு.

எங்கள் தெருவில் அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு. கார் நிறுத்தத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி வேண்டும் என்பது அதில் ஒன்று. அதோடு எல்லோரும் மறந்துவிட்டார்கள். நிபந்தனை தாளில் மட்டும் இருந்து, மண்ணில் இல்லாமல் போன கதைகள் நிறைய. குடியேறும் சான்றிதழ் கொடுப்பதற்கு முன்னால்தான் இதைக் கேட்க முடியும், சிமெண்ட் மூடிய பிறகு யார் தோண்டுவார்? போன சனிக்கிழமை குழி வெட்டியிருந்தார்கள். வேலியோரம் நின்று போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

"ஆழம் எவ்வளவு? அளந்தியா?" என்று பதில் வந்தது.

அளக்கவில்லை. வீட்டுக்குப் போய் டேப்பை எடுத்துக்கொண்டு, மேஸ்திரியிடம் அனுமதி கேட்க நடந்தேன்.