கராயனின் ஒன்பதாவதா? எந்தக் கராயன்?

பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை நடத்துவதில் கராயனை மிஞ்ச ஆளில்லை என்கிறார் ஒருவர். கராயனா, பளபளப்புதான் இருக்கிறது, உயிர் எங்கே என்று பாய்கிறார் இன்னொருவர். பேச்சு முற்றி, கடைசியில் ரசனையே இல்லாதவர் என்ற பட்டத்தில் போய் நிற்கிறது. இருவரும் ஒரே ஒலிப்பதிவைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஹெர்பெர்ட் ஃபான் கராயன் இந்தச் சிம்பொனியை ஸ்டுடியோவில் மட்டும் ஐந்து முறை பதிவு செய்தார். 1947இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் ஒன்று. 1955இல் லண்டனின் ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவுடன் ஒன்று. அதன் பிறகு பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் 60களில், 70களில், 80களில் ஒவ்வொன்று. முதலாமவர் 1962ஐ மனத்தில் வைத்துப் பேசுகிறார், இரண்டாமவர் 1983ஐ. இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம்.

பிடித்த சிம்பொனிப் பதிவுகளைப் பற்றிய பேச்சில் நேரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. நடத்துநரின் பெயரைச் சொன்னால் பதிவைச் சொன்னதாக ஆகிவிடாது. ஓட்டோ க்ளெம்பரர் அதே ஃபில்ஹார்மோனியாவுடன் பீத்தோவனின் மூன்றாவது சிம்பொனியான ‘எரோயிகா’வை 1955இல் மோனோவில் பதிவு செய்தார், 1959இல் ஸ்டீரியோவில் மறுபடியும் செய்தார். பிந்தையதைக் கேட்டுவிட்டு க்ளெம்பரர் ஆமை வேகம் என்று தீர்ப்புச் சொல்பவர் முந்தையதைக் கேட்டால் சற்று அடங்குவார். ஆகவே நடத்துநர், இசைக்குழு, ஆண்டு மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழைய இசைத்தட்டு என்றால் சிம்பொனியின் எண்ணையும் சரிபார்க்க வேண்டும். துவோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ இன்று ஒன்பதாவது. பழைய தட்டுகளின் உறையில் அது ஐந்தாவது. ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பொனி ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று எண்களிலும் உலவியிருக்கிறது.

ஒரே கச்சேரிக்கு இரண்டு பதிவுகள் இருக்கும் விநோதமும் உண்டு. 1951 ஜூலை 29 அன்று ஜெர்மனியின் பைராய்ட் அரங்கில் ஃபுர்ட்வெங்லர் நடத்திய பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி 1955இல் தட்டாக வந்து, உலகின் தலைசிறந்த பதிவு என்று பல பத்தாண்டுகள் கொண்டாடப்பட்டது. 2007இல் பவேரிய வானொலியின் காப்பகத்து ஒலிநாடாவிலிருந்து இன்னொரு வெளியீடு வந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. எது மேடையில் நடந்தது, எதில் ஒத்திகை கலந்திருக்கிறது என்று பெரிய வாக்குவாதமே மூண்டது. எனவே ‘பைராய்ட் ஒன்பது’ என்று சொல்பவர் எந்த வெளியீடு என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

அடுத்த தவறு, வேகத்தைப் பற்றியது. உறையின் பின்பக்கம் அச்சிட்ட நிமிடக் கணக்கைப் பார்த்துவிட்டு இது வேகம், அது மந்தம் என்று சொல்லிவிடுவார்கள். எரோயிகாவின் முதல் பகுதியை எடுத்துக்கொள்வோம். ‘பார்’ எனப்படும் தாள அளவுகள் அதில் 691 இருக்கின்றன. தொடக்கத்திலுள்ள ஏறத்தாழ 150 அளவுகளைத் திரும்ப வாசிக்கும்படி பீத்தோவன் குறித்திருக்கிறார். பழைய தலைமுறை நடத்துநர்கள் பலர் அதை விட்டுவிடுவார்கள்; இன்றையவர்களில் பெரும்பாலோர் வாசிக்கிறார்கள். திரும்ப வாசிக்காமல் 14 நிமிடங்களில் முடிப்பவர் நிமிடத்துக்கு 50 அளவுகளைக்கூடத் தொடவில்லை. திரும்ப வாசித்து 16 நிமிடங்களில் முடிப்பவரோ 52ஐத் தாண்டிவிடுகிறார். நீளமாக இருப்பதே இங்கே வேகமானது! பீத்தோவன் 1817இல் வெளியிட்ட மெட்ரோனோம் (தாள வேகத்தைக் காட்டும் கருவி) குறிப்பு இந்தப் பகுதிக்கு நிமிடத்துக்கு 60 அளவுகள் கேட்கிறது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் குறிப்பை வேதவாக்காகக் கொள்வதா, வழிகாட்டியாகக் கொள்வதா என்பது வேறு சண்டை. என் கட்சி வழிகாட்டி என்பதுதான்.

வேகத்துக்குக் காரணம் கற்பிப்பதிலும் நிதானம் வேண்டும். மாலரின் ஒன்பதாவது சிம்பொனியை 1938 ஜனவரி 16 அன்று வியன்னாவில் புரூனோ வால்டர் நடத்தியபோது அடாஜியோ எனப்படும் மெதுவான கடைசிப் பகுதி 18 நிமிடங்களைச் சற்றே தாண்டியது. லெனார்ட் பெர்ன்ஸ்டைன் 1985இல் ஆம்ஸ்டர்டாமின் கன்செர்ட்கெபாவ் இசைக்குழுவுடன் நடத்தியபோது அதே பகுதி ஏறத்தாழ அரை மணி நேரம் நீண்டது. ‘அந்தக் காலத்துத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிடம்தான் கொள்ளும், அதனால்தான் வால்டர் அவசரப்பட்டார்’ என்ற விளக்கம் அடிக்கடி காதில் விழும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மக்கள் முன்னிலையில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. தட்டுக்காக நிறுத்தி நிறுத்தி வாசித்தது அல்ல. வால்டருக்கு அந்த வேகம்தான் சரியென்று பட்டிருக்கிறது. அந்தச் சிம்பொனியை 1912இல் முதன்முதலாக அரங்கேற்றியவரும் அவர்தான் என்பதால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

நடத்துநரின் கணக்கில் எழுதப்படும் பல விஷயங்கள் உண்மையில் இசைக்குறிப்பை அச்சுக்குத் தொகுக்கும் பதிப்பாசிரியர்களுக்கு உரியவை. இந்தக் குழப்பத்தில் புரூக்னருக்கு இணையில்லை. அவருடைய ஏழாவது சிம்பொனியின் மெதுவான பகுதி உச்சத்தை எட்டும் இடத்தில் சிம்பல் என்ற பெரிய ஜால்ராவின் ஒரே ஒரு முழக்கம் வரும், சில பதிவுகளில். நோவாக் பதிப்பு அதை வைத்துக்கொண்டது. ஹாஸ் பதிப்பு நீக்கிவிட்டது. கையெழுத்துப் பிரதியில் அந்த இடத்தில் ‘செல்லாது’ என்று யாரோ எழுதி வைத்ததுதான் வம்புக்கு விதை. ஹாஸ் பதிப்பை எடுத்துக்கொண்டு சிம்பலை மட்டும் சேர்த்துக்கொள்ளும் நடத்துநர்களும் உண்டு. இதை அறியாமல் ‘இவருக்கு அடக்கம் தெரிகிறது, அவர் ஆர்ப்பாட்டக்காரர்’ என்று எழுதினால், பாராட்டும் வசையும் தவறான விலாசத்துக்குப் போய்ச் சேரும். மாலரின் ஆறாவது சிம்பொனியில் நடுப் பகுதிகளின் வரிசையே மாறும். 1906இல் எஸ்ஸன் நகரில் மாலர் தாமே அரங்கேற்றியபோது ஆண்டாண்டே என்ற மெதுவான பகுதி இரண்டாவதாக வந்தது. 1963இல் வெளியான ஆய்வுப் பதிப்போ ஸ்கெர்ட்சோ என்ற துள்ளலான பகுதியை முன்னால் வைத்தது. எந்த வரிசை என்று பார்க்காமல் ‘இந்தப் பதிவில் கட்டுக்கோப்பு இல்லை’ என்று சொல்வதில் பொருளில்லை.

அரங்கத்தின் குற்றத்தை இசைக்குழுவின் தலையில் கட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. நடத்துநர் டோஸ்கனினி என்பிசி வானொலியின் இசைக்குழுவுடன் செய்த பதிவுகளில் பல, 8ஹெச் என்ற எதிரொலியற்ற ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டவை. அந்த வறண்ட ஒலியைக் கேட்டு அவர் மனமே வறண்டது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. லண்டன் கிங்ஸ்வே ஹாலில் எடுத்த பதிவுகளில், மெல்லிய இடங்களில் அடியில் ஒரு உறுமல் கேட்கும். பெரிய மத்தளமோ என்று தோன்றும். கீழே சுரங்க ரயில் போகிறது.

பெயரைப் பார்த்துக் கேட்பதுதான் எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு. சிம்பொனி உலகுக்குச் சற்று வெளியே, பியானோவில், இதற்குச் சாட்சி இருக்கிறது. ஜாய்ஸ் ஹாட்டோ என்ற பியானோ கலைஞரின் பெயரில் வரிசையாகத் தட்டுகள் வந்தன. நோயோடு போராடியபடி இத்தனையும் வாசித்தார் என்ற கதையும் கூடவே வந்தது. விமர்சகர்கள் உருகினார்கள். அவர் இறந்த மறு ஆண்டு, 2007இல், அந்தத் தட்டுகளில் ஒன்றைக் கணினியில் போட்டபோது, அது வேறொரு கலைஞர் வாசித்த, லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் படைப்பின் பதிவு என்று கணினி அடையாளம் காட்டியது. தோண்டத் தோண்டப் பிறருடைய பதிவுகளாகவே வந்தன. அவருடைய கணவர் கடைசியில் ஒப்புக்கொண்டார். உருகியவர்களின் காது கெட்டுப்போகவில்லை. கதையும் பெயரும் காதுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டன, அவ்வளவுதான். ஒரே சிம்பொனியின் மூன்று பதிவுகளை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, பெயர் சொல்லாமல் ஒலிக்கச் செய்து பாருங்கள். ஒலி அளவை மட்டும் சமமாக வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சற்று உரக்கக் கேட்பதே மேலானது என்று காது ஏமாந்துவிடும்.

பிறகு, சொற்கள். ‘ஆழமானது’, ‘ஆன்மாவைத் தொடுகிறது’ என்றெல்லாம் எழுதினால் படிப்பவர் தலையாட்டலாமே ஒழிய, கேட்டுச் சரிபார்க்க முடியாது. இடத்தைச் சுட்டிச் சொல்ல வேண்டும். கார்லோஸ் க்ளைபர் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் 70களின் நடுவில் பதிவு செய்த பீத்தோவனின் ஏழாவதில் இரண்டாம் பகுதி முடியும் இடத்தைக் கேளுங்கள். கடைசி அளவுகளில் வில்லைக் கையிலெடுத்து வாசிப்பதே வழக்கம். க்ளைபரின் வயலின்காரர்கள் இறுதிவரை விரலால் மீட்டியே முடிக்கிறார்கள். சிலருக்கு அது அற்புதம், சிலருக்கு அத்துமீறல். அந்த அரை நிமிடத்தைக் கேட்டுவிட்டு யாரும் ஏற்கலாம், மறுக்கலாம். எரோயிகாவின் முதல் பகுதி முடியும் தறுவாயில் டிரம்பெட்டுகள் முதன்மை மெட்டை முழங்கத் தொடங்கி, பாதியில் மறைந்துபோகும் இடமும் அப்படித்தான். பீத்தோவன் எழுதியது அதுவே. பழைய நடத்துநர்கள் பலர் டிரம்பெட்டுகளை இறுதிவரை மெட்டோடு ஓட விட்டார்கள். நடத்துநர் கார்டினரின் 90களின் பதிவு பீத்தோவன் எழுதியபடி போகிறது. எனக்கு அந்த மறைவுதான் பிடிக்கிறது. முழக்கம் வேண்டும் என்பவருடன் எனக்குத் தகராறு இல்லை.

பிசிறு தேடுவதையே வேலையாக வைத்திருப்பவர்களும் உண்டு. பெர்ன்ஸ்டைன் 1979இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் நடத்திய மாலர் ஒன்பதில், இறுதிப் பகுதியின் உச்சத்தில் டிராம்போன்கள் நுழையவே தவறிவிட்டன. தவறு தவறுதான், பேச்சில் சொல்லவும் வேண்டும். அதற்காக அந்தப் பதிவை ஒதுக்கிவைப்பவருக்கு நஷ்டம் டிராம்போன்களோடு நிற்காது.

புதிதாகக் கேட்க வருபவர் ஒரு பதிவு சொல்லுங்கள் என்றால், ஃபுர்ட்வெங்லர் 1942இல் பெர்லினில் நடத்திய பீத்தோவனின் ஒன்பதாவதைக் கையில் திணிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். போர்க்காலம், இரைச்சல், நெரியும் ஒலி. அதற்குள்ளிருந்து இசையைப் பிரித்துக் கேட்கக் காது பழகியிருக்க வேண்டும். முதலில் க்ளைபர் 1974இல் பதிவு செய்த பீத்தோவனின் ஐந்தாவதைக் கொடுங்கள். செயலியில் கேட்பவரானால் பகுதிகளுக்கு இடையே இடைவெளி விழாதபடி அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். மூன்றாம் பகுதியின் முடிவில் டிம்பனி முரசு மெல்லத் தட்டிக்கொண்டே வந்து, நிற்காமல் நான்காம் பகுதியின் சி மேஜருக்குள் பாய வேண்டும். அங்கே அரை நொடி வெற்றிடம் விழுந்தால் அதற்கு க்ளைபர் பொறுப்பல்ல.