கப்பலேறிய தாத்தாவின் கதையை எழுதி வைப்பது எப்படி

"உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க தாத்தா" என்று கேட்டால் ஒன்றும் வராது. "போனோம், சம்பாதிச்சோம், வந்தோம்" என்று முடித்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடுவார். பர்மா, மலாயா, இலங்கை என்று பிழைக்கப் போன தலைமுறைக்குத் தங்கள் வாழ்க்கையை எழுதி வைக்கலாம் என்ற நினைப்பே கிடையாது. அதனால் வாழ்க்கையை விட்டுவிட்டு வழியைக் கேளுங்கள். ஊரிலிருந்து நாகப்பட்டினம் வரை எதில் போனீர்கள், கப்பல் வரும்வரை எங்கே தங்கினீர்கள், கூட யார் வந்தது, டெக்கில் படுக்க இடம் பிடித்தது யார், வீட்டில் என்ன கட்டிக்கொடுத்தார்கள், இறங்கிய இடத்தில் யார் வந்து கூட்டிப்போனார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால் மற்றதெல்லாம் தானாக வரும்.

வருஷம் கேட்டு அவரைத் திணறடிக்க வேண்டாம், அதை நாமே கண்டுபிடித்துக்கொள்ளலாம். கப்பல் பேர் ரஜுலா என்றால் அது 1926இல் கட்டியது, 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. எம்.வி. சிதம்பரம் என்றால் அதற்குப் பிந்தைய காலம், 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணமே நின்றுபோனது. தனுஷ்கோடியில் ரயிலை விட்டிறங்கித் தலைமன்னாருக்குப் போனேன் என்றால் 1964 டிசம்பர் புயலுக்கு முன். ரங்கூனில் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 50, 100 நோட்டெல்லாம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள் என்று அவர் பேச ஆரம்பித்தால் அதுவும் 1964தான். இப்படி நாலைந்து இடத்தில் முளை அடித்துவிட்டால் நடுவில் இருப்பதை "கல்யாணத்துக்கு முன்னாடியா, பெரியத்தை பிறந்த பிறகா" என்று கேட்டே நிரப்பிவிடலாம். பாஸ்போர்ட் கிடைத்தால் முத்திரைகளைப் பாருங்கள், பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம், பாதிப் பேருக்கு அது பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்ட தேதி.

அடுத்தது, படம் வரையச் சொல்லுங்கள். இதற்கு இணையான வழி வேறில்லை என்பேன். எங்கள் தாத்தாவிடம் ஒரு பழைய காலண்டர் தாளையும் பென்சிலையும் கொடுத்து, "நீங்க இருந்த கிட்டங்கி எப்படி இருக்கும்" என்று கேட்டோம். கிட்டங்கி என்றால் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தி, அங்கேயே தங்கியும் இருந்த கட்டடம். நீளமாக ஒரு கூடம் போட்டார், இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஒரு கடை, ஆளுக்கொரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு அலமாரி, ராத்திரியானால் அதே இடத்தில் பாயை விரித்துப் படுக்க வேண்டியது. மூன்றாவது கட்டத்தில் பென்சிலை வைத்ததும், பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடி வேலைக்கு, சேர்ந்த புதிதில் கடையை நடத்திய ஏஜெண்டிடம் வாங்கிய திட்டு, சமையல்காரர் ஒளித்துவைத்துக் கொடுத்த அப்பளம், மழை பெய்தால் நாறும் பின்பக்கத்துச் சாக்கடை எல்லாம் வந்துவிட்டது. ரப்பர் தோட்டத்தில் இருந்தவர் என்றால் லயத்தை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, வரையச் சொல்லுங்கள், ஆட்களை மேய்க்கும் கங்காணியின் வீடு எங்கே, ரப்பர் பால் நிறுக்கிற இடம் எங்கே என்று.

போனில் பதிவு செய்தால் போதும், தனிக்கருவி வேண்டாம். காலையில் காபி குடித்த கையோடு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அரைமணி நேரம், அதற்குமேல் வேண்டாம். தொடக்கத்தில் தேதியும் பேசுகிறவர் பேரும் சொல்லிவிடுங்கள். அவர் தப்பாகச் சொன்னாலும் குறுக்கே திருத்தாதீர்கள். ஒரே சம்பவத்தைப் போன மாதம் ஒரு மாதிரியும் இன்றைக்கு வேறு மாதிரியும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். அப்புறம் ஆச்சியைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். தாத்தா அங்கே இருந்த வருஷங்களில் இங்கே கடுதாசிக்கும் மணியார்டருக்கும் காத்திருந்தது ஆச்சிதான், கணக்கு அவர்களிடம்தான் சரியாக இருக்கும்.

அக்கரையில் இன்னொரு குடும்பம், போர்க்காலத்தில் பார்த்த சாவு, ஏமாந்த பணம் என்று சில இடங்களில் பேச்சு நிற்கும். நின்றால் விட்டுவிடுங்கள். பிறகு அவராகச் சொன்னால், இதை யார் யார் கேட்கலாம் என்று அவரிடமே கேட்டுக்கொண்டு வைத்துக்கொள்ளுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டாம்.

தாத்தா இப்போது இல்லை என்றாலும் வழி இருக்கிறது. பேரேடு, மொய் நோட்டு, நீல ஏர்மெயில் தாளில் இருக்கும் தபால் முத்திரை, ஊர்க் கோயில் உபயக் கல்லில் பேருக்கு முன்னால் இருக்கும் "ரங்கூன்", "பினாங்கு" எல்லாம் சாட்சிதான். சிங்கப்பூரில் இருந்தவர் என்றால் அந்நாட்டு நூலக வாரியத்தின் இணையதளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களைத் தேடலாம். போட்டோவை ஆல்பத்திலிருந்து பிய்க்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் போனிலேயே எடுங்கள். தனியாக இருக்கும் படங்களுக்குப் பின்னால் பேர் எழுத பென்சில் போதும், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.

எழுதும்போது அவர் பேச்சை நம் நடைக்கு மாற்றாதீர்கள். மலாயா டாலரை "வெள்ளி" என்றால் வெள்ளி, வெள்ளைக்கார மேலாளரைத் "துரை" என்றால் துரை. பெரிய எழுத்தில் அச்செடுத்து, வலது பக்கத்தை மட்டும் நிரப்பி, இடது பக்கத்தைக் காலியாக விட்டு அவர் கையில் கொடுங்கள். தப்பு கண்டுபிடிக்கிற சாக்கில் இன்னும் பத்து விஷயம் சொல்வார், அதை அந்தக் காலிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.